ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன்

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கேஸில் சந்தேகம் வந்து யோசனை கேட்பவர் "ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன்" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். கட்சிக்காரர் பெயர் வரக் கூடாது, ஊர் வரக் கூடாது, எந்த கோர்ட் என்று வாயைத் திறக்கக் கூடாது. அந்த நண்பர் யார் என்று மற்றவர்களும் கேட்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக மட்டும் வாதாடுகிற முந்நூறு சொச்சம் வக்கீல்கள் போனுக்குள் கூடிக் கும்மியடிக்கும் இடம் அது. எங்கள் எல்லோருக்கும் அசட்டு நண்பர்கள் ஏராளம். ஒரு நண்பர் தன் பக்கத்துச் சாட்சியையே எதிர்ப்பக்கத்து ஆள் என்று நினைத்துக் குதறிவிட்டார். இன்னொரு நண்பர் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டிய இடத்தில் ஒரு கேள்வி அதிகமாகக் கேட்டு, கைக்கு வந்த விடுதலையைக் காற்றில் விட்டார். "பாவம் உங்கள் நண்பர்" என்று எழுதிவிட்டு நாங்கள் தலையைத் தடவிக்கொள்வோம். எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. என் பெயர் ரம்பம். ஒரு சாட்சியை நான் முன்னும் பின்னுமாக இழுத்துக்கொண்டிருந்தபோது ஜட்ஜ் பொறுமையிழந்து, "அம்மா, ரம்பம் போட்டது போதும்" என்றார். கோர்ட்டே சிரித்தது. நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன். பல்லி என்று ஒருவர் உண்டு. ஒரு வரி எழுதமாட்டார், சுவரில் ஒட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒரு கட்டைவிரல் மட்டும் தூக்கிக் காட்டுவார். அப்புறம் சாமியார்.

சாமியார் எழுதுவதைப் படித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தர்மம், மனசாட்சி, தொழிலின் மானம், இவற்றில் ஒன்றாவது இல்லாமல் அவருக்கு ஒரு வரி ஓடாது. வேலை இல்லாத, கொழுகொழுவென்ற ஒரு இளவட்டம், அப்பா வைத்துவிட்டுப் போன ஆபீசில் சாய்ந்துகொண்டு உபதேசம் செய்கிறது என்று நானாக ஒரு உருவம் பிடித்து வைத்திருந்தேன்.

எங்கள் தொழிலில் பாதி வாழ்க்கை காத்திருப்பதில் போகும். காலையில் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் நம் கேஸை எப்போது கூப்பிடுவார்கள் என்று ஆண்டவனுக்கே தெரியாது. வராந்தா பெஞ்சில் ஒரு பக்கம் கட்சிக்காரரின் சொந்தக்காரர்கள் மூக்கைச் சிந்துவார்கள், மறுபக்கம் கைவிலங்கோடு யாரோ கொட்டாவி விடுவார்கள். நடுவில் நான் போனைத் திறந்து வைத்துக்கொண்டு சாமியாரோடு மல்லுக்கட்டுவேன்.

ஒருமுறை யாரோ கேட்டார்கள். "ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன். எதிர்ப்பக்க வக்கீலின் கேஸ் கட்டிலிருந்து ஒரு தாள் நழுவி நண்பரின் மேஜையில் விழுந்துவிட்டது. அதில் அவருடைய கட்சிக்காரரின் ரகசியம் இருக்கிறது. நண்பர் என்ன செய்யலாம்?" சாமியார் உடனே வந்துவிட்டார். "படிக்காமல் மடித்துத் திருப்பிக் கொடுக்கலாம். தவறி விழுந்தது நமக்குச் சொந்தமில்லை." எனக்குத் தாங்கவில்லை. "நம்மை நம்பி ஒருவன் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். கையில் விழுந்ததை அவனுக்குக் கொடுக்காமல் நல்ல பெயர் வாங்கப் பார்ப்பவன் வக்கீலே இல்லை. அவன் கழுத்தைவிட நம் மரியாதை பெரிதா? சரி, போகட்டும், நீங்கள் மாலை மரியாதையோடு திருப்பிக் கொடுங்கள், உங்கள் ஆள் உள்ளேயே கிடக்கட்டும்" என்று எழுதினேன். கட்டைவிரல்கள் குவிந்தன. பல்லி இரண்டு போட்டார்.

கேள்வி கேட்டு ஆளைச் சுற்றவிடுவதில் எனக்கு ஒரு தனி ருசி. அதைவிட ருசி, அது எப்படிச் செய்வது என்று மற்றவர்களுக்குச் சொல்வதில். பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே, 'ஏன்' என்று மட்டும் சாட்சியிடம் கேட்டுவிடாதே, கடைசிக் கேள்வி முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் வந்து உட்கார். இப்படியெல்லாம் நான் அள்ளி விடுவேன். இளையவர்கள் "நன்றி அம்மா, நன்றி அம்மா" என்பார்கள். அந்த நன்றி கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு ஏறிவிட்டது என்பதுதான் உண்மை.

அந்தச் சமயத்தில் என் கையில் இருந்தது ஒரு கிடங்குத் திருட்டு. விடிகிற நேரத்தில் மருந்துக் கிடங்கு ஒன்றை உடைத்து லாரியில் சரக்கை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். தடுக்கப் போன வயசான வாட்ச்மேனை யாரோ பின்னாலிருந்து தள்ளியதில் அவருக்கு இடுப்பு எலும்பு போய்விட்டது. முகம் எதையும் அவர் பார்க்கவில்லை. குற்றப்பத்திரிகையில் முதல் எதிரி லாரி டிரைவர். இரண்டாம் எதிரி என் ஆள், லிப்ட் ரிப்பேர் செய்கிறவன், கிடங்கின் மோட்டார் கதவைத் திறந்து கொடுத்தவன் என்று போலீஸ் சொன்னது. அவனுக்கு எதிராக இருந்தது ஒரே ஒரு சாட்சி. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு நர்ஸ், எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து அவனைக் கதவருகே பார்த்ததாகச் சொன்னாள். டிரைவரோ தான் அங்கே போகவே இல்லை, லாரியை யாரோ இரவல் கேட்டார்கள் என்று சாதித்துக்கொண்டிருந்தான். அவனுடைய வக்கீல் சன்னமான, சத்தமில்லாத மனுஷன், பேசும்போது கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பார். இரண்டு பேரும் ஒருவர் ஆளை ஒருவர் தொடுவதில்லை என்று வாய்வார்த்தையாக வைத்திருந்தோம்.

நர்ஸை நான் சாய்த்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். தூரம், பனி, கண்ணில் தூக்கம், கண்ணாடி பவர் மாற்றாமல் வைத்திருந்தது. எல்லாம் கையில் இருந்தது. அவள் சாய்ந்தால் என் ஆள் வீட்டுக்குப் போவான். அவ்வளவுதான் கேஸ்.

ஆனால் நர்ஸ் சொன்னது நிஜம். ஜெயிலில் வக்கீல்கள் பார்க்கும் அறையில் வைத்து, நான் கேட்காமலே, என் ஆள் சொல்லிவிட்டான். கதவைத் திறந்துவிட்டது அவன்தான். தள்ளியது டிரைவர். சத்தம் கேட்டதும் டிரைவர் லாரியோடு பறந்துவிட்டான், இவன் ஓட்டமாக ஓடியிருக்கிறான். தெருமுனை வரை ஓடியவன், அந்தப் பெரியவர் முனகியது காதிலேயே நின்றதால் திரும்பி வந்திருக்கிறான். அரை நினைவில், குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தான் போட்டிருந்த சாம்பல் நிற வேலைச் சட்டையைக் கழற்றிப் போர்த்திவிட்டுப் போயிருக்கிறான். வாட்ச்மேனின் யூனிபாரமும் சாம்பல் நிறம். அந்தச் சட்டை அவருடைய மாற்றுச் சட்டை என்றே போலீஸ் நினைத்துக் கட்டி வைத்திருந்தது. யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

நான் உடனே சொன்னது, "இதை யார்கிட்டயும் சொல்லிடாத. உங்க அக்காகிட்டகூட."

சட்டை என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாதா? கழுத்துப்பட்டியின் வியர்வையை ஒரு பரிசோதனைக்கு அனுப்பினால் போதும், என் ஆள் அங்கே இருந்தது நிரூபணமாகிவிடும். அதைவிட மோசம், அடிபட்ட மனுஷரின் உடம்பில் கிடந்த சட்டை அது. 'அவரைத் தொட்டவன் இவன்தான், அப்போ தள்ளியதும் இவன்தான்' என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். செய்த ஒரு நல்ல காரியமே அவன் தலையில் கல்லாக விழும். ஆகவே அந்த ரகசியத்தை நான் பூட்டி வைத்தேன். வீட்டுக்காரரிடம்கூட நான் கேஸ் பேசுவதில்லை. அவர் பல் டாக்டர். "ஊர் வாயையெல்லாம் திறக்கவெச்சுட்டேன், உன் வாய்க்குத்தான் என்கிட்ட கருவி இல்ல" என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்தப் பெருமைக்காரிதான் ஒரு மத்தியானம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு தன் கட்சிக்காரன் தலையில் மண்ணை வாரிப் போட்டாள்.

அன்றைய சண்டை, உண்மை பேசும் சாட்சியைப் பற்றி. சாட்சி சொல்வது நிஜம் என்று தெரிந்தபிறகும் குறுக்கு விசாரணையில் அவளைப் பொய்க்காரி மாதிரி காட்டலாமா? சாமியார் கூடாது என்றார். சாட்சி நமக்கு எதிரி இல்லை, வீதியில் போன பாவத்துக்குக் கூண்டில் ஏறியவள், அவளை அழவைத்துப் பெறும் விடுதலையில் ருசி என்ன என்றார். நான், "ருசி பார்க்க இது சமையல்கட்டு இல்லை. நிரூபிப்பது அவர்கள் வேலை, நிரூபணத்தை உலுக்கிப் பார்ப்பது என் வேலை. உலுக்கியதில் விழுந்தால் அது கட்டியவன் குற்றம்" என்றேன். ஆளாளுக்கு நுழைந்தார்கள். கண்பார்வையை மட்டும் கேட்கலாம், நேர்மையைத் தொடக் கூடாது என்றார் ஒருவர். கட்சிக்காரன் வாயால் கேட்டாலும் அதை நம்ப நமக்குக் கடமை இல்லை என்றார் இன்னொருவர். சூடு பிடித்தது. அப்போது சாமியார் எழுதினார். "ரம்பம் அம்மா, வாய்ப்பந்தல் போடுவது சுலபம். கட்சிக்காரன் எதிரில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னபிறகு அப்படி ஒரு சாட்சியை நீங்கள் நிஜத்தில் எதிர்கொண்டது உண்டா?"

உண்டாவா! அடுத்த வாரமே அது நடக்கப்போகிறது. எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. விரல்கள் தாமாக ஓடின.

"ஒரு நண்பருக்காகச் சொல்கிறேன். ஒரு வீட்டில் திருட்டு. ஒரு கிழவி அடிபட்டுக் கிடக்கிறாள். நடைப்பயிற்சிக்குப் போன ஒரு டீச்சர் நண்பரின் கட்சிக்காரனை வாசலில் பார்த்திருக்கிறாள். அவன் நண்பரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஓடியவன் திரும்பி வந்து தன் சட்டையைக் கழற்றிக் கிழவிக்குப் போர்த்தினானாம். அந்தச் சட்டை கிழவி வீட்டுத் துணி என்று போலீஸ் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது! இவ்வளவும் தெரிந்த நண்பர் அடுத்த வாரம் அந்த டீச்சரின் கண்ணாடியையும் தூக்கத்தையும் பிடித்து உலுக்கப்போகிறார். டீச்சர் அழுவாள். நண்பர் கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போவார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கவும் தூங்குவார்."

கிடங்கை வீடாக்கினேன், வாட்ச்மேனைக் கிழவியாக்கினேன், நர்ஸை டீச்சராக்கினேன். எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன் என்று நிஜமாகவே நினைத்தேன். சட்டையை மட்டும் மாற்றவில்லை. மாற்ற மனசு வரவில்லை. அதை எடுத்துவிட்டால் கதையில் ஒன்றும் இல்லை. போலீஸ் அதை அடையாளம் தெரியாமல் கட்டி வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினேன், ஆச்சரியக்குறியோடு. ஒரு ஜோக்கைச் சொல்பவள் அதன் கடைசி வரியை விட்டுவிடுவாளா?

பதில்கள் கொட்டின. கைதட்டல், சிரிப்பு, "அம்மா அம்மாதான்". நெடுநேரம் விவாதம் நடந்தது. சாமியார் மட்டும் அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. வாயை அடைத்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.

இரண்டொரு நாள் கழித்து கோர்ட் மாடிப்படி வளைவில் டிரைவரின் வக்கீல் என்னை நிறுத்தினார். வழக்கம்போலக் கண்ணாடியைத் துடைத்தார்.

"மேடம், நீங்கதானே ரம்பம்?"

நான் சிரித்தேன். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கோர்ட்ல நீங்க அடிக்கொருதரம் 'சரி, போகட்டும்'ம்பீங்க. அங்கயும் அப்படியே எழுதறீங்க." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நான்தான் அந்த சாமியார்."

கொழுகொழு இளவட்டம் மறைந்து, நரைத்த தலையும் தேய்ந்த செருப்புமாக இந்த மனுஷன் நின்றார். எனக்கு இன்னும் உறைக்கவில்லை. கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அந்தச் சட்டை சாம்பல் கலர் மேடம். நானும் கேஸ் கட்டைப் படிச்சிருக்கேன்."

படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். மேலிருந்து யாரோ இறங்கி வந்தார்கள். இருவரும் ஒதுங்கி வழிவிட்டோம், மரியாதையாகத் தலையசைத்தோம்.

"அது சும்மா ஒரு கற்பனை சார்" என்றேன்.

"மேடம்" என்றார் அவர். அவ்வளவுதான். என்னை மேலும் பொய் சொல்லவிடாமல் காப்பாற்றுகிற மாதிரி இருந்தது.

"என்ன செய்யப் போறீங்க?"

"அடுத்த வாய்தாவுல சட்டையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி மனு போடப்போறேன். உங்க ஆள் அங்க இருந்தான்னு ஆயிடுச்சுன்னா, என் ஆள் லாரியிலயே உக்காந்திருந்தான், தள்ளினது உங்க ஆள்தான்னு சொல்ல இடம் கிடைக்கும். லாரியை இரவல் கொடுத்தான்ங்கற கதையை யாரும் நம்பல. என் ஆளுக்கு வேற போக்கிடம் இல்ல."

"தள்ளினது உங்க ஆள் சார்."

"உங்க ஆள் உங்ககிட்ட அப்படிச் சொல்றான். என் ஆளும் என்கிட்ட ஒண்ணு சொல்றான்."

அப்போது நான் செய்ததைச் சொல்ல எனக்கே கூசுகிறது. கெஞ்சினேன். "தவறி விழுந்தது நமக்குச் சொந்தமில்லைன்னு நீங்கதானே எழுதினீங்க? திருப்பிக் கொடுப்பேன்னீங்களே சார். திருப்பிக் கொடுங்க."

"எழுதினேன். எழுதறது சுலபமா இருந்துச்சு." அவர் குரல் தாழ்ந்தது. "படிக்கறதுக்கு முன்னாடி மடிக்கலாம். படிச்சப்புறம் எப்படி மேடம் மடிக்கறது? ரெண்டு நாளா தூக்கமில்ல. எழுதின தர்மத்தையெல்லாம் எடுத்துப் பாத்தேன். எதுவும் கைகொடுக்கல. கடைசில நீங்க எழுதினதுதான் சரின்னு பட்டுச்சு. கையில விழுந்ததைக் கட்சிக்காரனுக்குக் கொடுக்காதவன் வக்கீலே இல்லன்னீங்க. நீங்களே சொல்லுங்க. என் எடத்துல நீங்க இருந்தா விட்டுடுவீங்களா?"

விடமாட்டேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கமாட்டேன். அது அவருக்கும் தெரியும்.

"ஒண்ணு மட்டும் செய்யறேன்" என்றார். "எனக்கு எப்படித் தோணுச்சுன்னு யார்கிட்டயும் சொல்லமாட்டேன். போலீஸ் கட்டுல ரெண்டு சாம்பல் சட்டை இருக்கு, அதுல ஒண்ணு அளவு சரியில்ல, அப்படிச் சொல்லிக்கறேன். உங்க பேர் வராது."

அவர் இறங்கிப் போனார். என் பெயர் வராது. என்ன சுகமான வார்த்தை அது! மனு வானத்திலிருந்து விழுந்ததுபோல விழும். நான் எழுந்து நின்று ஆவேசமாக எதிர்ப்பேன். என் ஆள் பின்னால் நின்று, நம்ம மேடம் எப்படிப் போராடறாங்க பார் என்று நினைப்பான். கேஸ் தோற்கும். அவன் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு உள்ளே போவான்.

எழுதியதைப் போனில் அழித்தேன். "ஏன் அம்மா அழிச்சுட்டீங்க, நல்லாருந்துச்சே" என்று ஒரு இளையவர் கேட்டார். அதற்கும் பல்லி ஒரு கட்டைவிரல் போட்டார்.

அன்று சாயந்திரம் ஆபீசுக்கு என் கட்சிக்காரனுடைய அக்கா வந்தாள். துணி தைக்கிற கம்பெனியில் வேலை. நூல் பிசிறு தலைமுடியில் ஒட்டியிருந்தது. விசாரணைக்குத் தம்பி போட்டுக்கொள்ள இரண்டு சட்டைகள் தேய்த்துக் கொண்டுவந்திருந்தாள்.

"எந்தக் கலர் நல்லாருக்கும் வக்கீலம்மா? நீலமா, வெள்ளையா?"

"எதுவானாலும் சரிம்மா."

"வெள்ளை போட்டா ரொம்ப நடிக்கற மாதிரி இருக்குமோ? அவன் அங்க போகவே இல்ல வக்கீலம்மா, எனக்குத் தெரியும். சின்ன வயசுலருந்து என்கிட்ட எதையும் மறைக்கத் தெரியாது அவனுக்கு." நீலச் சட்டையின் காலரை நீவிவிட்டாள். "நீங்க இருக்கீங்கன்னுதான் நான் வேலைக்குப் போயி ஊசியைப் பாத்துத் தைக்கறேன். இல்லன்னா விரலைத்தான் தைச்சிருப்பேன்."

அவளாகவே சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். நீலம் என்றேன். அவள் போனபிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழக்கதோஷம், போனை எடுத்து "ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன்" என்று அடித்தேன். அடித்ததைப் பார்த்தபோது எனக்கு என்மேலேயே குமட்டியது. எனக்குக் கேட்க ஒன்றுமே இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். கட்சிக்காரனிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு விலக வேண்டும். தான் கெடுத்த கேஸைத் தானே கட்டிக்கொண்டு அழுவது அவனைக் காப்பாற்ற இல்லை, தன்னை மறைத்துக்கொள்ள.

மறுநாள் காலை ஜெயிலுக்குப் போனேன். வக்கீல்கள் பார்க்கும் அறையில் தரையோடு முடுக்கிய மேஜை, தரையோடு முடுக்கிய இரண்டு நாற்காலி. கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்ளவும் முடியாது, தள்ளிப் போட்டுக்கொள்ளவும் முடியாது. அவன் வந்து உட்கார்ந்தான். சின்ன உருவம், எண்ணெய்க் கறை இன்னும் போகாத நகங்கள்.

"வெளிக் கேட்டு மோட்டார் கத்துது கேட்டீங்களா மேடம்? பேரிங் போச்சு. நான் போட்டுத் தர்றேன்னு சொன்னேன். கேட்டைத் திறந்துதான் நீ உள்ள வந்திருக்க, போய் உக்காருன்னுட்டாங்க."

வேறு ஒரு நாளாக இருந்தால் நான் மேஜையைத் தட்டிச் சிரித்திருப்பேன். சொல்ல வந்ததைச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். ஆனாலும் இரண்டு இடத்தில் 'ஒருவேளை', 'எதிர்பாராம' என்று வாய் தப்பப் பார்த்தது. இழுத்துக்கொண்டு வந்தேன். குழு என்றால் என்ன, நான் என்ன எழுதினேன், யார் படித்தார், அவர் என்ன செய்யப்போகிறார், எல்லாம்.

"என் தப்பு" என்றேன். "யார் மேலயும் போட முடியாது. ஒரு வாக்குவாதத்துல ஜெயிக்கறதுக்காக எழுதினேன்."

அவன் நகத்திலிருந்த கறையைச் சுரண்டினான்.

"அப்ப நான் வெளிய வரமாட்டேனா?"

"நர்ஸ் மட்டும் இருந்திருந்தா வந்திருப்ப. இப்ப, நீயே முன்னாடி போயி உண்மையைச் சொன்னா கதவைத் திறந்ததுக்குத் தண்டனை உண்டு, அது நிச்சயம். சொல்லாம இருந்து சட்டை உன்னுதுன்னு ஆச்சுன்னா, தள்ளினதையும் உன் தலையில கட்டிடுவாங்க. எது நல்லதுன்னு நான் சொல்லக் கூடாது. வேற வக்கீல் சொல்லணும். நல்ல ஆளா ஒருத்தரைக் கேட்டு வெச்சிருக்கேன். நீ கையெழுத்துப் போட்டா அவர் நாளைக்கே வருவார்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும், அதற்குத்தான் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவன் கத்தவில்லை.

"எத்தனை பேர் இருக்காங்க மேடம் அந்தக் குரூப்புல?"

"முந்நூறுக்கு மேல இருக்கும்."

"எல்லாரும் வக்கீலுங்களா? படிச்சவங்களா?"

"ஆமா."

"என்ன சொன்னாங்க?"

"எதைப் பத்தி?"

"நான் திரும்பி வந்ததைப் பத்தி." அவன் முகம் ஏதோ பரீட்சை முடிவு கேட்கிற பையன் மாதிரி ஆகிவிட்டது. "ஓடினவன் ஓடியே போயிருக்கணுமா, திரும்பி வந்தது சரியான்னு எனக்கே இன்னும் தெரியல. ராத்திரியெல்லாம் அதேதான் ஓடுது. அத்தனை பேர் படிச்சிருக்காங்களே. யாராவது ஏதாவது சொல்லியிருப்பாங்கல்ல?"

நான் ஒவ்வொரு பதிலாக நினைவில் தேடினேன். டீச்சரின் கண்பார்வையைப் பற்றிப் பேசினார்கள். சத்தியப் பிரமாணத்தைப் பற்றி, கடமையைப் பற்றி, கேள்விகளின் வரிசையைப் பற்றி. சட்டை இன்னும் போலீஸ் கையில் இருப்பதைப் பற்றி இரண்டு பேர் நன்றாக ஜோக் அடித்தார்கள். தர்மத்தைப் பற்றி மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டோம். சட்டையைப் போர்த்தியவனைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. சாமியாரும் பேசவில்லை. எழுதிய நானும் அவனை ஒரு சுவைக்காகத்தான் அதில் போட்டிருந்தேன்.

பொய் சொல்லியிருக்கலாம். நல்லவன்னு சொன்னாங்கப்பா என்று ஒரு வரி. என் வாயில் அதுவும் தயாராகத்தான் இருந்தது.

"யாரும் ஒண்ணும் சொல்லலப்பா" என்றேன்.

தலையாட்டினான். ஏமாற்றத்தை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை. அவன் அக்கா சொன்னது அந்த அளவுக்குச் சரிதான்.

"நீங்களும் அன்னைக்கு ஒண்ணும் சொல்லல" என்றான். "உங்ககிட்ட சொல்லணும்னு எனக்கு ஒண்ணும் அவசியமில்ல மேடம். போகலன்னே சொல்லியிருப்பேன், நீங்களும் கேக்கல. யாராவது ஒருத்தருக்குத் தெரியட்டுமேன்னுதான் சொன்னேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கூண்டில் எத்தனையோ பேரை அழவைத்தவள், கைக்குட்டையைத் தேடினேன், அது கோட்டுப் பையில் இல்லை.

"நீ திரும்பி வந்தது நல்ல காரியம்" என்றேன். "ரொம்ப நல்ல காரியம். அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அவன் என்னை நிதானமாகப் பார்த்தான். கோபம் இல்லை. தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்கிற கேள்வியாகவே கேட்டான்.

"இது எனக்காகச் சொல்றீங்களா மேடம், உங்களுக்காகச் சொல்றீங்களா?"

"எனக்காகத்தான்" என்றேன்.

அவன் புதிய வக்கீலுக்கான தாளைத் தன் பக்கம் இழுத்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டான். காட்டினேன்.